இரண்டாவது கேபிள்

மணாலியிலிருந்து ரோதங் கணவாய் ஏறி இறங்கினால் லாஹுல் பள்ளத்தாக்கில் தாண்டி என்றொரு சிற்றூர் வரும். சந்திரா, பாகா ஆறுகள் கூடும் இடம். அங்கிருக்கும் பெட்ரோல் பங்கில் ஒரு பலகை உண்டு: அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி. லடாக் போகிறவர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். 2019 ஜூலையில் நாங்கள் ஐந்து பேர் அங்கே நின்றபோது படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவரவர் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கிளம்புவதற்கு முந்தைய மூன்று மாதமும் கோவையில் என் பட்டறையில் நடந்த பேச்செல்லாம் குதிரைத்திறன் பற்றித்தான். எந்த வண்டி எத்தனையில் போகும், எதற்கு எத்தனை சிசி, எது கொடுத்த காசுக்குத் தகும் என்று ராத்திரி பத்து மணி வரை ஓடும். தாண்டியில் அந்தப் பேச்சு முழுவதும் ஒரே கணக்காகச் சுருங்கியது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனுக்கு 15 லிட்டர் டேங்க். பழைய ஹீரோ ஹோண்டா கரிஸ்மாவுக்கும் 15. பஜாஜ் டாமினாருக்கு 13. பி.எம்.டபிள்யூ ஜி 310 ஜி.எஸ்ஸுக்கு 11. ஐந்தாவது, என்னுடைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட். மலையில் லிட்டருக்கு 28 கிலோமீட்டர் கிடைத்தால் ஹிமாலயன் 420 போகும்; ஜி.எஸ். 308-ல் நின்றுவிடும். ஐந்தில் விலை கூடிய வண்டிக்குத்தான் முதலில் கேன் வாங்கிக் கட்டினோம். அதனால் அது மட்டமான வண்டி ஆகிவிடாது. சர்ச்சுவைத் தாண்டி காட்டா லூப்ஸின் 21 வளைவுகளில் அந்த வண்டி மடங்கித் திரும்பிய அழகு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அதைச் செய்தவர்கள் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள்.

தூரப் பயணத்துக்கு வண்டி தயார்செய்து கொடுப்பதுதான் இருபத்து நான்கு வருடமாக என் முக்கிய வேலை. பட்டறையில் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கிறது. என்னிடம் வந்து தூரம் போய்த் திரும்பிய ஒவ்வொரு வண்டிக்கும் அதில் ஒரு பக்கம்: எத்தனை கிலோமீட்டர், என்ன தேய்ந்தது, என்ன மாற்றினோம், அந்தச் சாமான் வர எத்தனை நாள் ஆயிற்று. கடைசிக் கட்டத்தை நான் போட ஆரம்பித்தது பத்து வருடத்துக்கு முன்புதான். ஆனால் யாராவது வந்து "எந்த வண்டி வாங்கலாமுங்ணா?" என்று கேட்டால் இப்போது நான் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

விலையைப் பற்றிச் சொல்ல ஓசூரைவிட நல்ல இடம் இல்லை. 2013-ல் டி.வி.எஸ்ஸும் பி.எம்.டபிள்யூவும் ஒப்பந்தம் போட்டார்கள். அதில் பிறந்த 313 சிசி என்ஜின், சிலிண்டர் பின்னோக்கிச் சாய்ந்தது. காற்று முன்பக்கம் நுழைந்து புகை பின்பக்கம் போகும். 2017 டிசம்பரில் அதே என்ஜின் குடும்பத்தோடு டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 வந்தது, ஷோரூம் விலை 2.05 லட்சம். 2018 ஜூலையில் பி.எம்.டபிள்யூ ஜி 310 ஆர் 2.99 லட்சத்துக்கும், ஜி.எஸ். 3.49 லட்சத்துக்கும் வந்தன. மூன்றும் ஓசூரில் செய்தவை. சஸ்பென்ஷன், உட்காரும் அமைப்பு, சக்கரம் எல்லாம் வேறுதான். அந்த வேறுபாட்டுக்குக் காசு உண்டு. மிச்சக் காசு டேங்க்கில் ஒட்டியிருக்கும் வட்டச் சின்னத்துக்கு. அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். பூட்டைத் திறந்து வண்டியைப் பார்க்கும்போது ஒருவனுக்கு வருகிற பெருமிதம் அவன் சம்பாதித்துப் பெற்றது.

ஆனால் 2020-ல் அதே ஜி.எஸ்ஸின் விலை 2.85 லட்சமாக இறங்கியது. புதிதாக வாங்குகிறவருக்கு நல்ல செய்தி. இரண்டு வருடம் முன்பு 64 ஆயிரம் கூடுதலாகக் கொடுத்தவருக்கு? அவர் வண்டியின் மறுவிற்பனை விலை ஒரே நாளில் சரிந்தது. முதல் ஆளாக வந்து வாங்கியவர்தான் அதிக நம்பிக்கை வைத்தவர், அந்த நம்பிக்கைக்குத்தான் நஷ்டம். விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் முணுமுணுப்பார். இறக்கினால் பழைய வாடிக்கையாளர் உள்ளுக்குள் ஒடிந்துபோவார். இதைப் பட்டறைக்காரர்கள் அருகிலிருந்து பார்க்கிறோம்.

ஷோரூம் விலையோடு கணக்கை முடிப்பவர்களுக்கு நான் ஒரு தாள் எடுத்து எழுதிக் காட்டுவேன். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் போனால் 40. அதற்கு முன் இரண்டுக்கும் 28-தான், பெரிய வண்டிக்கு மட்டும் 3 சதவீத மேல்வரி. ஆகவே 349 சிசி மீட்டியாரும் 452 சிசி ஹிமாலயனும் ஒரே கம்பெனி, ஒரே ஷோரூம் என்றாலும் நடுவில் இப்போது அரசாங்கம் ஒரு சுவர் எழுப்பியிருக்கிறது. அதன்மேல் தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேலான வண்டிக்கு 12 சதவீத ஆயுள் வரி. ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு 2022-ல் நிர்ணயித்தபடி 150-க்கு மேல் 350 சிசி வரை 7,365 ரூபாய், அதைத் தாண்டினால் 15,117.

பிறகு பெட்ரோல். ஐந்து வருடத்தில் 50,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டர் 102 ரூபாய் என்று கணக்கு. 35 கொடுக்கும் வண்டிக்கு ஏறக்குறைய 1 லட்சத்து 46 ஆயிரம். 28 கொடுக்கும் வண்டிக்கு 1 லட்சத்து 82 ஆயிரம். 36 ஆயிரம் வித்தியாசத்தில் நல்ல ஜாக்கெட், ஹெல்மெட், இரண்டு செட் டயர் வாங்கிவிடலாம். இந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் பெரிய வண்டி ஆசையைக் கைவிட்டவர்களும் உண்டு. பார்த்துவிட்டு அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்ப் பெரிய வண்டியை வாங்கியவர்களும் உண்டு. இருவர் மீதும் எனக்கு மதிப்புதான். கணக்குத் தெரிந்து ஆசைப்படுவது வேறு.

எந்தத் தாளிலும் எழுத முடியாத செலவு ஒன்று இருக்கிறது. சில வருடம் முன்பு நண்பரின் வண்டியில் ஹம்பி போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம், நல்ல வண்டி, அதுவரை ஒரு குறை வைத்ததில்லை. சித்ரதுர்காவுக்கு இந்தப் பக்கம் பெட்ரோல் பம்ப் நின்றுபோனது. அந்தக் காலத்துக் கார்புரேட்டர் என்றால் ஜெட்டை ஊதி, கிண்ணத்தைத் துடைத்துப் போட்டிருப்பேன். இது டேங்க்குக்குள் உட்கார்ந்திருக்கும் மின்சார பம்ப். மொத்த யூனிட்டாகத்தான் மாற்ற வேண்டும். என் இரண்டு கையும் சும்மா இருந்தன. லாரி பிடித்து வண்டியை ஏற்றினோம். சாமான் வர பத்தொன்பது நாள். நோட்டின் கடைசிக் கட்டத்தில் எழுதியிருக்கும் மிகப் பெரிய எண் அதுதான். அந்தப் பத்தொன்பது நாளும் நண்பர் பட்டறைக்கு வந்து வண்டியைச் சும்மா பார்த்துவிட்டுப் போவார். பத்தொன்பதாவது நாள் வண்டி ஓடியது. அடுத்த மாதம் விற்றுவிட்டார். பம்ப் பழுதானதற்கு அவர் கோபப்படவே இல்லை. கம்பெனிக்குப் போன் செய்தால் பதில் சொல்ல ஆள் இல்லாததுதான் அவரை ஒடித்தது.

அதே லடாக் பயணத்தில் பாங் அருகே எங்கள் வண்டி ஒன்றில் கிளட்ச் கேபிள் அறுந்தது. கால் மணி நேரத்தில் மாற்றினோம். ஓட்டியவர் அதற்குப் பிறகு அந்த வண்டியை இன்னும் அதிகமாக நேசித்தார். பழுதும் பழுதும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

விசுவாசம் என்றால் புல்லட்டைச் சொல்லாமல் முடியாது. ராயல் என்ஃபீல்டு, இங்கிலாந்தின் ரெடிட்சில் 1901-ல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த கம்பெனி. இந்திய ராணுவத்தின் தேவைக்காக 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. 1970 வாக்கில் தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் மூடப்பட்டது. திருவொற்றியூரில் செய்வது நிற்கவில்லை. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆரம்பித்தார்கள். ரெடிட்சில் செய்த பழைய வண்டியை வைத்திருந்த வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து வந்த பிஸ்டன் ரிங்கைப் போட்டு ஓட்டினார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

அந்த வார்ப்பிரும்பு என்ஜின் 2010 வாக்கு வரை பெரிய மாற்றம் இல்லாமல் வந்துகொண்டே இருந்தது. அதனால் தாத்தா வண்டியின் சாமான் பேரன் வண்டிக்கும் பொருந்தும். சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ கிடைக்காவிட்டால் எங்கள் ஊர் லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். அரை நூற்றாண்டு அச்சு மாறாமல் இருந்தது தொழில்நுட்பத்தில் பின்தங்கல் என்பார்கள். வேகத்திலும் பிரேக்கிலும் அது உண்மைதான். ஆனால் அந்த மாறாமைதான் ஊருக்கு ஊர் ஒரு புல்லட் மெக்கானிக்கை உருவாக்கியது.

இன்னொன்றும் உண்டு. நான் வேலை கற்றது ஒரு புல்லட் பட்டறையில். கிக்கரை மெதுவாக அமுக்கி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே நிறுத்தி, டீகம்ப்ரஸரை இழுத்து, கிக்கரைக் கொஞ்சம் தாண்டவிட்டு, கையை எடுத்து, ஒரே உதை. இதைப் பிசகினால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம்பார்க்கும். கற்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. டேப்பட் இடைவெளியைக் காதால் கேட்டுச் சொல்ல இரண்டு வருடம். என் ஆசான் தூங்கிக்கொண்டே தெருவில் போகும் வண்டிக்கு டேப்பட் லூஸ் என்பார். இவ்வளவு உழைத்துக் கற்றதை ஒரு மனிதன் எளிதில் விடுவானா? புல்லட்காரர்களின் பிடிவாதத்தில் பாதி இந்தக் கற்றல்தான். பொத்தானை அழுத்தினால் கிளம்பும் வண்டிகள் நமக்கு எல்லாம் தருகின்றன, இந்தக் கற்றலை மட்டும் தருவதில்லை.

டாமினார் வந்த புதிதில் யானையை வளர்க்காதே என்று விளம்பரம் செய்தார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். 1.36 லட்சத்தில் 373 சிசி, 35 குதிரைத்திறன் கொடுத்த வண்டி அது. அந்தப் பணத்துக்கு அன்று அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனாலும் விளம்பரத்தைப் பார்த்துப் புல்லட்டை விற்றுவிட்டு டாமினார் வாங்கிய ஒருவரைக்கூட என் பட்டறையில் நான் காணவில்லை. நல்ல வண்டியை அதன் நல்ல குணத்தைச் சொல்லியே விற்றிருக்கலாம்.

ஹார்லி டேவிட்சன் கதை எதிர்த்திசையில் போனது. உரிமையாளர்களை 1983-லேயே ஒரு குழுவாகக் கட்டி, ஊர் ஊராக ஒன்றுசேர்த்து, விசுவாசத்தை ஒரு தொழிலாகவே வளர்த்த கம்பெனி. 2020 செப்டம்பரில் இந்தியாவில் தயாரிப்பையும் தன் நேரடி விற்பனையையும் நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த மாதமே ஹீரோ பொறுப்பேற்றதால் சர்வீஸும் சாமானும் தொடர்ந்தன; 2023-ல் 2.29 லட்சத்துக்கு எக்ஸ் 440 வந்தது. இருந்தாலும் அந்த ஒரு மாதம் ஸ்ட்ரீட் 750 வைத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் என் முன்னால் உட்கார்ந்து, "இனி ஆயில் ஃபில்டர் எங்கீங்ணா வாங்கறது?" என்று கேட்ட குரலை நான் மறக்கவில்லை. கையில் ஹார்லி சின்னம் பச்சை குத்தியிருந்தார்.

போன மாதம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். அரசு மருத்துவமனையில் நர்ஸ். நான்கு வருடச் சேமிப்பு இரண்டு லட்சம்.

"ஏனுங்ணா, இதுக்குள்ள லடாக் போயிட்டு வர்ற மாதிரி வண்டி எதுங்க? ஆசை ஹிமாலயன் மேலதான்."

"ஆசை தப்பில்லை அம்முணி. மொதல்ல உட்காரு."

நோட்டைப் பிரித்துக் காட்டினேன். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, 2019-ல் 97 ஆயிரத்துக்கு வந்தபோதே என் மனதில் இடம்பிடித்த வண்டி. 18 குதிரைத்திறன்தான், நெடுஞ்சாலையில் லாரியை முந்தப் பொறுமை வேண்டும். ஆனால் 13 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 35 என்று வைத்தாலும் 455 கிலோமீட்டர். கீழே போட்டால் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தலாம். நோட்டில் அதன் பக்கங்களில் கடைசிக் கட்டம் எல்லாம் ஒன்று, இரண்டு. பயணம் போன இடங்களில் ஹீரோ பலகை இல்லாத நடுத்தர ஊரை நான் பார்த்ததில்லை. அவள் நோட்டை அரைமணி நேரம் படித்தாள். ஹிமாலயன் பக்கத்தையும் படித்தாள். பிறகு எக்ஸ்பல்ஸ் வாங்கி, மிச்சப் பணத்தில் டயரும் ஜாக்கெட்டும் எடுத்துக்கொண்டு, ஜூனில் லீவு சொல்லியிருக்கிறாள்.

வண்டி இப்போது ஸ்டாண்டில் நிற்கிறது. கோன் செட்டைத் திறந்து புது கிரீஸ் போட்டாயிற்று. பின்சக்கர ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் பார்த்து, தொய்வாக இருந்த மூன்றை முறுக்கினேன். இன்றைக்குக் கிளட்ச் கேபிள். ஓடுகிற கேபிளோடு சேர்த்துப் புதிதாக ஒன்றையும் அதே பாதையில் இழுத்து, ஐந்து இடத்தில் கட்டி, இரண்டு முனையிலும் கிரீஸ் தடவிப் பிளாஸ்டிக் சுற்றி வைத்திருக்கிறேன். ஒன்று அறுந்தால் டேங்க்கைக் கழற்ற வேண்டியதில்லை. இரண்டு முனையையும் மாட்டினால் போதும். ஞாயிற்றுக்கிழமை அவள் வருவாள். ஓடுகிற கேபிளைக் கழற்றிவிட்டு, இரண்டாவதை அவளையே மாட்டச் சொல்வேன், கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை, கையுறை போட்டுக்கொண்டு ஒரு தடவை.