பீஸ் கணக்கு நோட்டின் பின்பக்கம்

ஞாயிற்றுக்கிழமை மதியம். திருப்பூர் வேலம்பாளையத்து லைன் வீட்டுக்குள் நான் நுழைந்தபோது அக்கா பாயில் உட்கார்ந்து ஒரு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தேதி, ஸ்டைல் நம்பர், எத்தனை பீஸ், என்ன ரேட். சனிக்கிழமை சம்பளத்தில் கணக்கு தப்பாமலிருக்க ஓவர்லாக் டெய்லர்கள் எழுதிவைக்கிற நோட்டு அது. கடைசியாக எழுதி மூன்று வாரம் ஆகியிருந்தது. நோட்டைக் கவிழ்த்து என்னிடம் நீட்டினார். "பின்னால இருந்து எழுது கண்ணு. முன்பக்கம் கணக்குக்கு வேணும்."

மறுநாள் காலை கோயம்புத்தூரில் டாக்டரைப் பார்க்க வேண்டும். வலது மார்பில் கட்டி. பயாப்சி முடிவு வந்துவிட்டது; புற்றுநோய்தான். முதலில் போன இடத்தில் மகனை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தவன், "சின்னக் கட்டிதாம்மா, மருந்துலயே கரைஞ்சிரும்" என்றானாம். "அவன் மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. எனக்குத் தெரியும்ங்கறது அவனுக்குத்தான் தெரியல, பாவம்" என்றார் அக்கா. மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

என் அப்பாவுக்கு இந்த நோய் வந்தபோது, டாக்டர் முன்னால் உட்கார்ந்து நாங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: என்ன சாப்பாடு கொடுக்கலாம்? மற்றதெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை. அந்த ஆற்றாமை இன்றும் இருக்கிறது. அதனால்தான் யாராவது கூப்பிட்டால் பேனாவோடு போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

முதலில் நான் எழுதியவை யாருக்கும் பொருந்துகிற கேள்விகள். எந்த வகை, எந்த நிலை? ஹார்மோன் பரிசோதனையும் ஹெர்-2 பரிசோதனையும் என்ன சொல்கின்றன? ஆபரேஷனுக்கு முன்பே கீமோ வேண்டுமா? வாசித்துக் காட்டினேன். அக்கா முழுதும் கேட்டார்.

"இதெல்லாஞ் செரி. நான் மறுபடி மிஷின்ல உக்கார முடியுமான்னு எங்க எழுதியிருக்கே?"

எழுதவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

ஓவர்லாக்கில் கண்ணை விட விரல்தான் வேலை செய்கிறது. இரண்டு விளிம்பையும் சேர்த்து, விரல் நுனியில் துணியை உணர்ந்தபடியே தள்ளிக் கொடுக்க வேண்டும். ஊசியை ஒட்டிக் கத்தி ஓடும். மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாகத் தரப்படும் பாக்லிடாக்சல் என்ற மருந்து கைவிரல், கால்விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யக்கூடியது. சிலருக்கு மருந்து நின்ற பிறகும் மாதக்கணக்கில் அது போகாது. அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தால் அந்தப் பக்கத்துக் கை வீங்க வாய்ப்புண்டு. அந்தக் கையில் சின்னக் காயம் பட்டாலும் சீழ் பிடிக்கலாம். இந்த ஊரில் விரலில் ஊசி ஏறாத டெய்லர் யார்? அக்கா தன் ஆள்காட்டி விரலைக் காட்டினார். நகத்துக்குக் கீழே பழைய தழும்பு.

விரல் மரத்துப் போனால் மருந்தின் அளவைக் குறைப்பீர்களா, வேறு மருந்து உண்டா என்று எழுதினேன். எல்லாக் கணுவையும் எடுத்துத்தான் ஆக வேண்டுமா, ஒன்றிரண்டு எடுத்துப் பார்த்தால் போதுமா என்பது அடுத்தது. அக்கா சொல்லச் சொல்ல வளர்ந்தது. பண்டல் தூக்கலாமா? ஒன்றரை ஷிப்டு பார்க்க எத்தனை மாசம் ஆகும்?

பணத்தைப் பற்றி மகன் ஆரம்பித்தான். டாக்டரிடம் இதைக் கேட்பது மரியாதையில்லை என்று அவன் நினைப்பு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா பல வருஷம் பவர் டேபிள் என்கிற கான்ட்ராக்ட் தையல் யூனிட்டில் தைத்தவர். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் நான்கு வருஷமாகத்தான், சம்பளத்தில் முக்கால் சதவீதம். இரண்டு வருஷம் தொடர்ந்து காப்பீட்டில் இருந்து, அதில் குறைந்தது 156 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், புற்றுநோய் போன்ற நீண்ட கால நோய்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை கிடைக்கும். இரண்டு வருஷம் வரை நீட்டிக்கவும் வழியுண்டு. எத்தனை மாதம் வேலைக்குப் போக முடியாது என்று வைத்தியம் பார்ப்பவர் எழுதிக் கொடுத்தால்தான் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் போய்ப் பேச முடியும். அப்படியானால் அது டாக்டரிடம் கேட்க வேண்டியதுதானே? பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு முதலமைச்சர் காப்பீட்டைச் சொன்னேன்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை.

காய்ச்சலைப் பற்றியும் ஒரு வரி. கீமோவுக்குப் பிறகு 100.4 டிகிரி அடித்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நள்ளிரவில் கோவை வரை ஓட வேண்டுமா, தாராபுரம் ரோட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாமா, எந்த நம்பருக்கு அழைப்பது?

கடைசிக் கேள்வியை அக்கா சொல்ல வெகுநேரம் ஆனது. மகனைக் கடைக்கு அனுப்பிவிட்டுச் சொன்னார். "குணமாகுமா, இல்ல இழுத்துட்டுத்தான் போகுமான்னு கேக்கோணும்."

1994இல் ஆஸ்திரேலியாவில் பில்லிஸ் பட்டோவும் சக ஆய்வாளர்களும் புற்றுநோயாளிகள் சிலரிடம் கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்து டாக்டரிடம் அனுப்பிப் பார்த்தார்கள். தாளோடு போனவர்கள் மற்றவர்களை விட அதிகமாகக் கேட்டது ஒன்றைப் பற்றித்தான்: இந்த நோய் எங்கே கொண்டுபோய் விடும்? வாயில் வராத கேள்வி தாளில் இருந்தால் வருகிறது. அக்காவின் கேள்வியைக் கடைசியில் விடாமல் முதல் வரிக்கு மேலே இருந்த இடத்தில் நுணுக்கி எழுதினேன். நேரம் போதாமல் போனால் விடுபடுவது எதுவாகவும் இருக்கட்டும், அது விடுபடக் கூடாது.

திங்கட்கிழமை இந்த டாக்டரும் மகனைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தார். அக்கா நோட்டை மேஜை மேல் வைத்தார். கை நடுங்கியது. "நான் கேக்கறனுங்க" என்றார். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு நாற்காலியை அக்கா பக்கம் திருப்பினார்.

முதல் கேள்விக்கு, "குணப்படுத்தணும்னுதான் வைத்தியம் பண்றோம். நூத்துக்கு நூறுன்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்று பதில் வந்தது. அக்கா ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். விரல் கேள்வி வந்தபோது, எப்படித் தைப்பீர்கள் என்று டாக்டர் கேட்டார். அக்கா தன் முந்தானையின் இரண்டு விளிம்பைச் சேர்த்துப் பிடித்து மேஜை விளிம்பில் ஓட்டிக் காட்டினார். டாக்டர் கவனமாகப் பார்த்தார். "ஜாக்கெட் ஊக்குப் போட விரல் தடுமாறுச்சுன்னா அன்னிக்கே சொல்லணும், அடுத்த தடவை வரைக்கும் வெச்சிருக்கக் கூடாது. அப்பத்தான் அளவை மாத்த முடியும்" என்று சொல்லி, அதை நோட்டிலேயே தன் கையால் எழுதினார்.

காந்திபுரத்தில் பஸ் ஏறினோம். உட்கார இடமில்லை. அவிநாசி வரை நின்றுகொண்டே வந்தோம். கம்பியைப் பிடித்திருந்த அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"மருந்து ஏத்துன அன்னிக்கு இப்படி நின்னுட்டு வர முடியுமான்னு கேக்கலியே கண்ணு?"

பஸ் ஆட்டத்தில் எழுத்து கோணிக்கொண்டு போனது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.