கல், புழு, கீழாநெல்லி

கோவை, காந்திபுரம். ஸ்கேன் சென்டர். காலை நேரம். எல்லாரும் வெறும் வயிறு.

பால் டீ ஒன்று போதும், பித்தப்பை சுருங்கிவிடும். சுருங்கிய பையில் கல்லைத் தேடுவது கஷ்டம்.

சுவரில் போர்டு: கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம். அதன் கீழே ஒரு வேட்டிக்காரர், வலது விலாவைப் பிடித்தபடி.

"கேஸ்தானுங்க. கெடா விருந்து சாப்பிட்டதுல இருந்து."

சோடா ஆயிற்று. ஓமத் தண்ணி ஆயிற்று. வலி முதுகைச் சுற்றி வலது தோள்பட்டையில் நின்றதைக் கடைசியாகத்தான் சொன்னார்.

ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறார்கள். கல் உருளும். பாலிப் உருளாது. பையின் கழுத்தில் சிக்கிய கல்லும் உருளாது.

கல்லுக்குப் பின்னால் கறுப்பு நிழல் விழும். புழுவுக்கு விழாது. உயிரோடிருந்தால் திரையிலேயே நெளியும்.

உருண்டைப்புழு. இருக்க வேண்டிய இடம் சிறுகுடல். துவாரம் கண்டால் நுழையும். பித்தக்குழாயின் வாயும் ஒரு துவாரம்தான்.

காஷ்மீர் டாக்டர்கள் நிறையப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இங்கே அபூர்வம். அதனால் யாருக்கும் நினைப்பு வராது.

பெரும்பாலும் வந்த வழியே போய்விடும். உள்ளேயே செத்தால் அதன்மேல் கல் படியும்.

வடகிழக்குத் தாய்லாந்து. பச்சை ஆற்றுமீன். ஈரல் தட்டைப்புழு. வருடக்கணக்கில் பித்தக்குழாயில் குடியிருக்கும். சிலருக்குப் புற்றுநோயில் முடியும். பவானி மீன் நமக்குக் குழம்பில் கொதித்துத்தான் வருகிறது.

உருண்டைப்புழுவுக்கு அல்பெண்டசோல், 400 மில்லிகிராம். பள்ளிக்கூடத்தில் கொடுக்கிறார்கள். மென்று விழுங்க வேண்டும். சில பிள்ளைகள் ஜன்னல் வழியே எறிகிறார்கள்.

1968. டாக்டர் மல்ஹோத்ரா. ரயில்வே ஊழியர் கணக்கு. தெற்கைவிட வடக்கே பித்தக்கல் ஏழு மடங்கு.

வடக்கே கொழுப்புக் கல் அதிகம், மஞ்சளாக. தெற்கே நிறமிக் கல் அதிகம். கறுப்பு. மிளகைக் கொட்டியது போல.

1952. நீலகிரிப் பழங்குடியினர் ரத்தத்தில் அரிவாள் செல்லைக் கண்டார்கள் லேமனும் கட்புஷும். செல் உடைய உடைய பிலிருபின் என்ற நிறமி சேரும். பிலிருபின் கல்லாகும். பிள்ளைகளுக்கும்.

டவுன்ஹால் பக்கம் நாட்டு மருந்துக் கடை. கோரோசனை. மாட்டின் பித்தக்கல். குழந்தைக்குத் தாய்ப்பாலில் உரைத்துக் கொடுப்பார்கள். சிட்டிகை வாங்கவே யோசிக்க வேண்டிய விலை.

மனுசனின் கல்லை ஆபரேஷன் முடிந்ததும் டப்பாவில் போட்டு வீட்டார் கையில் தருகிறார்கள். வாங்க ஆளில்லை. சிலர் பீரோவில் வைத்திருக்கிறார்கள்.

1990, மும்பை, டாக்டர் உத்வாடியா. 1991, கோவை, டாக்டர் பழனிவேலு. பித்தப்பை ஆபரேஷனுக்கு லேப்ராஸ்கோப்பி வந்துவிட்டது. அதற்கு முன் விலாவுக்குக் கீழே சாண் நீள வெட்டு. இப்போது நாலு துளை.

வாழைத்தண்டுச் சாறு சிறுநீரகக் கல்லுக்குச் சொன்னது. பித்தக்கல்காரர்களும் குடிக்கிறார்கள். அந்தக் கல் சிறுநீர் போகும் வழியிலேயே இல்லை.

பித்தக்குழாயில் அடைப்பு. வாய்வழியே எண்டோஸ்கோப், உள்ளே பிளாஸ்டிக் ஸ்டென்ட். சுமார் மூன்று மாதத்தில் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். அரிப்பு நின்றதும் ஊருக்குப் போனவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்.

அடைப்பால் வரும் அரிப்பு. உள்ளங்கை, உள்ளங்கால். ராத்திரியில் அதிகம். தோல் டாக்டரிடம் போகிறார்கள்.

மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி. வைரஸா அடைப்பா என்று கேட்பாரில்லை. அடைப்பென்றால் மலம் வெளிறும், சிறுநீர் கறுக்கும்.

1877. பாரிஸ். டாக்டர் சார்க்கோ எழுதி வைத்தது: குளிர்காய்ச்சல், மஞ்சள் காமாலை, வலது மேல் வயிற்றில் வலி.

மூன்றும் சேர்ந்தால் பித்தக்குழாயில் தொற்று. உயிருக்கு ஆபத்து. பச்சிலைக்கு நேரமில்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.