தங்கச்சி டீச்சரும் நான் போட்டுக் கொடுத்த ஃபார்மும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. வந்ததும் வராததுமா ஒரு சொந்தச் சொதப்பலைச் சொல்லிடறேன்.

என் தங்கச்சி பி.எட். ரெண்டாம் வருஷம். (முன்னெல்லாம் ஒரே வருஷம்தான், 2015லேருந்து ரெண்டாக்கிட்டாங்க.) பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துல டீச்சிங் ப்ராக்டிஸ், ஏழாம் வகுப்புக்கு அறிவியல். ஒரு நாள் ராத்திரி போன் பண்ணி, "அண்ணா, இருபது மார்க்குக்கு ஒரு கூகுள் ஃபார்ம் போட்டுக் குடேன், திருத்தற வேலை மிச்சம்"னா. நமக்குத்தான் பெரிய சாஃப்ட்வேர் எஞ்சினியர்னு நெனப்பாச்சே, பத்து நிமிஷத்துல முடிச்சுட்டேன். கடைசியா மார்க் இல்லாத ஒரு கேள்வி, அவ சொல்லிச் சேர்த்தது: 'வீட்டில் படிக்க உனக்கு என்ன கஷ்டம்?'

மறுநாளே பஞ்சாயத்து. இலைக்குப் பச்சை நிறம் தர்றது எதுங்கற கேள்விக்கு 'பச்சையம்'னு விடை குடுத்திருந்தேன். 'பச்சயம்'னு எழுதினவனுக்கும் சைபர், 'குளோரோஃபில்'னு எழுதினவளுக்கும் சைபர். நாம குடுத்த விடையோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனாத்தான் ஃபார்முக்கு அது சரி. "அவங்களுக்கு விடை தெரியும்ணா, உன் ஃபார்முக்குத்தான் தெரியலை"ன்னா. இன்னொரு பக்கம், தமிழ் வாசிக்கவே திணர்ற ஒரு பையன் இருபதுக்கு இருபது. அம்மா போன்ல காலேஜ் போற அக்கா உட்கார்ந்து போட்டிருக்கா!

2012-13ல முப்பருவ முறை வந்தப்போ வளரறி மதிப்பீட்டுக்குன்னு நூத்துக்கு 40 மார்க் ஒதுக்கினாங்க. புள்ளை செய்யறதையும் பேசறதையும் டீச்சர் கூடவே இருந்து கவனிச்சுப் போட வேண்டிய மார்க்கும் அதுல உண்டு. நான் செஞ்சு குடுத்தது அந்தக் கவனிக்கற வேலையை மிச்சம் பிடிக்கற சாமான்.

இதுவரைக்கும் சிரிப்புதான். அடுத்தது அப்படியில்லை.

'பசங்க மார்க்கைப் பாத்துக்கட்டும்'னு நெனச்சு, முடிவுகளோட சுருக்கத்தைக் காட்டற ஒரு பட்டனை ஆன் பண்ணி வெச்சிருந்தேன். அது காட்டினது வகுப்புல அத்தனை பேரும் எழுதின பதிலை. எந்தப் பதில் யாரோடதுன்னு போடலை, ஆனா 34 பேர் இருக்கற வகுப்புல பேர் எதுக்கு? ஒரு பொண்ணு எழுதியிருந்தா: 'அப்பா கடையை மூடிட்டு குடிச்சிட்டு வந்து சண்டை போடுவாரு, ராத்திரி படிக்க முடியாது.' கடை வெச்சிருக்கற அப்பா அந்த வகுப்புலயே ஒருத்தர்தான். சாயந்திரத்துக்குள்ள அது ஸ்க்ரீன்ஷாட்டா பெத்தவங்க வாட்ஸப்புக்குப் போயிடுச்சு.

ரெண்டு நாள் அந்தப் பொண்ணு வரலை. மூணாம் நாள் அம்மா வந்தாங்களாம். கத்தலை. "வீட்டு விஷயத்தை எழுதச் சொன்னீங்களே டீச்சர், எழுதினதை உங்ககிட்டயே வெச்சுக்கக் கூடாதா?"ன்னு மட்டும் கேட்டாங்களாம். தங்கச்சிகிட்ட பதில் இல்லை. பட்டன் என்னுது, நின்னது அவ.

இத்தனைக்கும் எங்க ஆபீஸ்ல வருஷா வருஷம் தகவல் பாதுகாப்புப் பயிற்சி, கடைசியில பரீட்சை வேற. 2023ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயசு ஆகாதவங்க எல்லாரும் குழந்தைங்கதான்னு அதுல ஒரு கேள்வி. நான் நூத்துக்கு நூறு. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், சர்ட்டிபிகேட் :-(

ஃபார்மை அழிச்சுட்டேன். ஸ்க்ரீன்ஷாட்டை என்ன பண்றது?

தங்கச்சி அந்த வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தா. பொண்ணு இப்ப வகுப்புக்கு வருது, முதல் பெஞ்சுலேருந்து மூணாவதுக்கு மாறிடுச்சு. என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாமேன்னேன். "நீ வந்து என்னண்ணா சொல்லுவ?"ன்னா.

இந்த வாரம் திரும்பப் போன் வந்துது. பயந்துகிட்டேதான் எடுத்தேன். "வரும்போது கோடு போட்ட பேப்பர் ஒரு குயர் வாங்கிட்டு வா, நானே திருத்திக்கறேன்."