அலையில்லாத இடம்

கோவளம் என்றதும் ஈ.சி.ஆரில் வண்டியைத் திருப்பிவிடாதீர்கள். நான் சொல்வது, திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறைய 15 கி.மீ. தள்ளி இருக்கும் கேரளக் கோவளம். பாறை முனைகள் கடலுக்குள் மூக்கை நீட்ட, நடுநடுவே பிறை பிறையாக மணல். ஒரு முனையில், 1972-லிருந்து எரியும் சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம். எழுபதுகளில் ஹிப்பிகள் வந்தார்கள், பின்னாலேயே ஹோட்டல்கள்.

கரையில் சிவப்புக் கொடி. பாறை ஓரமாக ஓரிடத்தில் மட்டும் அலையே இல்லை. 'குழந்தை குளிக்க இதைவிட நல்ல இடம் ஏது?' என்று ஒரு சேலத்துக் குடும்பம் இறங்க, விசில் பறந்தது. ஓடி வந்தார் லைஃப் கார்டு.

"சாரே, அலை உடையுற இடம்கூடப் பரவாயில்ல. உடையாத இடந்தான் ஆளைக் கொண்டுபோகும்."

விஷயம் இதுதான். அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டுமே? மணல் திட்டுகளுக்கு நடுவிலோ பாறையை ஒட்டியோ வாய்க்கால் மாதிரி வழி பிடித்து, வேகமாகப் போகிறது. அங்கே அலை அவ்வளவாக உடையாது. பார்க்கக் குளம் மாதிரி சாதுவாக இருக்கும். மாட்டியவர்கள் பெரும்பாலும் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டு, களைத்துப்போய்த்தான் மூழ்குகிறார்கள். பதறாமல் மிதந்தபடி கையைத் தூக்கி ஆளைக் கூப்பிடுங்கள். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்துங்கள். வாய்க்காலின் அகலம் பொதுவாகக் குறைவுதான், வெளியே வந்துவிடலாம்.

"இவ்ளோ பணம் கட்டி ரூம் போட்டு, கால் நனைக்கக்கூட விடமாட்டேங்கறான்" என்று அப்பா முணுமுணுத்துக்கொண்டிருந்தார். குழந்தை மணலில் சமத்தாக வீடு கட்டிக்கொண்டிருந்தது.