கிணற்று மூடியைக் கொஞ்சம் திறந்து விடுவோம்



மன்னார்த் தீவில் நாம் எல்லோரும் ஒருமுறையாவது செய்த காரியம்தான். கிணறு பார்க்க ஆட்கள் வந்தால், "எங்கட தண்ணி நல்ல தண்ணி, நாட்டிலதான் மலேரியா இல்லையே" என்று வாசலோடு அனுப்பி விடுவோம். போன கிழமை நம் வீட்டிலும் உம்மா அப்படித்தான் அனுப்பினா. பாடசாலை விட்டு வந்து கேள்விப்பட்ட நாமும் பேசாமல் இருந்துவிட்டோம். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆட்கள் வேற!

2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் நம் நாட்டுக்கு மலேரியா இல்லை என்று சான்றிதழ் தந்தது உண்மை. அந்த வருடம் முடிய முதலே நம் மன்னார்க் கிணறுகளில் புது நுளம்பு ஒன்று பிடிபட்டதும் உண்மை. பெயர் அனோபிலஸ் ஸ்டெபன்சி. பழைய மலேரியா நுளம்பு ஆற்றோரக் குட்டையில் முட்டை போடும். இது கிணறு, சீமெந்துத் தொட்டி, வீட்டுத் தாங்கி என்று நாம் குடிக்கிற தண்ணீரைத் தேடி வரும். சென்னையில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். ஆபிரிக்காவில் ஜிபூட்டிக்குள் இது நுழைந்த 2012இல் அங்கே 27 பேருக்குத்தான் மலேரியா. 2020இல் 73,000க்கு மேல்.

கண்ணால் பார்த்துச் சொல்ல ஏலாதா? பழகியவர் சொல்லுவார். ஆனால் கண் ஏமாந்த கதையும் இருக்கு. நம் கரையோரத்தில் சப்பிக்டஸ் என்று பல வருடம் எழுதி வைத்த நுளம்புகளை 2010 அளவில் யாழ். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிஎன்ஏ பார்த்தபோது, அவற்றில் சண்டைக்கஸ் என்ற வேறு இனம் இருந்தது. இனம் மாறினால் முட்டை போடும் இடமும் மாறும், மருந்து அடிக்கிற இடமும் மாற வேண்டும். டிஎன்ஏ பார்க்க நுளம்பின் ஒரு கால் போதும். அதிலுள்ள ஒரு மரபணுத் துண்டின் 650 எழுத்தளவை வாசித்து, கடைச் சாமானின் பார்கோட் மாதிரி, ஏற்கெனவே பதிந்து வைத்ததோடு ஒப்பிடுவார்கள்.

அந்தக் கால் நம் கிணற்றில் இருந்துதானே போக வேணும்!

எடுத்துப் போனவர்கள் முடிவு சொல்ல வருவதில்லை என்று ஒரு குறை இருக்கு. அது நியாயமான கோபம், வந்தால் முகத்துக்கு நேரே கேட்போம். அதுக்காகக் கிணற்றை மூடி வைக்க ஏலாது. மாணிக்கக்கல் வாங்க மடகஸ்கார் போய், காய்ச்சலோடு திரும்பி வருகிறவர்கள் நம் ஆட்களிலேயே இருக்கிறார்கள். அப்படி ஒருவர் இந்த நுளம்பு இருக்கிற தெருவில் வந்து படுத்தால் போதும்.

பள்ளி ஹவ்ழில் மீன் விட்டிருக்கிறோம், வீட்டுத் தொட்டிக்கு ஏன் விடவில்லை?

வியாழக்கிழமை மறுபடி வருகிறார்களாம். உம்மாவே மூடிக்கு மேலே வைத்திருந்த கல்லை இறக்கி வைத்துவிட்டா.