பேசின் பிரிட்ஜ்: பெயரில் மட்டும் மிஞ்சிய படகுத்துறை



ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னை போகிற எல்லோருக்கும் பேசின் பிரிட்ஜ் தெரியும். சென்ட்ரலுக்கு முன்னால் வண்டி சிக்னலுக்கு நிற்கும், நாற்றம் வரும், ஜன்னலைச் சாத்துவோம். போன மாதம் எதிர் சீட்டுப் பையன், "பேசின்னா என்ன சார்?" என்று கேட்டான். வாத்தியாரிடம் கேட்டால் சும்மா விடுவேனா!

படகுகள் ஒதுங்கிச் சரக்கு இறக்கும் நீர்த்தேக்கம்தான் பேசின். பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் 1801-இல் வெட்டத் தொடங்கிய கால்வாய், 1806-இல் எண்ணூர் வரை போய்விட்டது. பிறகு வடக்கே ஆந்திரம், தெற்கே மரக்காணம் என்று நீண்டு, சுமார் 420 கிலோமீட்டர் ஆயிற்று. உப்பும் விறகும் படகில் வந்தன. பக்கத்துச் சரக்கு ரயில் நிலையத்துக்கு சால்ட் கோட்டர்ஸ் என்ற பெயர் உப்புக் கிடங்குகளால் வந்ததுதான்.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் மட்டும் வேறு கதை. அதை 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். நம் சேலம் ஜில்லாவையும் வாட்டிய அதே தாது வருஷப் பஞ்சம். சோற்றை அள்ளி அள்ளித் தின்றால் என் பாட்டி, "தாது வருஷத்துல பொறந்தவனா நீ?" என்பாள். அரைவயிற்றுக் கூலிக்கு மண் சுமந்தவர்கள் யார் யாரோ. கால்வாய்க்கு வைத்தது கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை.

பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' இந்தக் கால்வாயில் படகேறிப் போனதைப் பாடியதுதான். வகுப்பில் படித்துக் காட்டியபோது ஒருத்தன், "எவ்வளவு செலவாச்சு சார்?" என்றான். (செலவு என்றால் பயணம் என்று அன்றைக்குச் சொன்னது நினைவிருக்கிறதா?) கரையில் கயிறு கட்டிப் படகை இழுத்தவர்களின் பாட்டைக் கவிஞர் பார்த்த இடத்தில் வகுப்பே அமைதியாகிவிட்டது.

ரயிலும் லாரியும் வந்தன. 1965, 66 புயல்களில் கால்வாய் சிதைந்தது. சாக்கடையையும் அதிலேயே விட்டார்கள். பிறகு பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டார்கள். 1995-இல் சேப்பாக்கம் வரை வண்டி ஓடியது. இப்போது தூர்வாருகிறோம், நடைபாதை போடுகிறோம், அழகுபடுத்துகிறோம் என்கிறார்கள். செய்யட்டும், நல்லதுதான். வெள்ளம் வடிய இடம் வேண்டுமே. ஆனால் அகலப்படுத்தும்போது குடிசை நகர்கிறது, தூண் நகர்வதில்லை.

என்னிடம் ஐந்தாவது படித்த ஒரு பெண், மலையிலிருந்து கல்யாணமாகிப் போய், மயிலாப்பூர்ப் பக்கம் கால்வாய்க் கரையில் இருந்தாள். இப்போது பெரும்பாக்கத்தில் மாடி வீடு. "கக்கூஸ், தண்ணி எல்லாம் உள்ளேயே இருக்கு சார்" என்றாள். வேலை மட்டும் இன்னும் மயிலாப்பூரில், நாலு வீட்டில். விடியுமுன் கிளம்பி இரண்டு பஸ் மாறுகிறாள். பேசி முடிப்பதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது.

சென்னையில் இருக்கும் பிள்ளைகளே, அந்தப் பக்கம் போனால் கால்வாயை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். ரயிலிலிருந்து இருட்டில் எனக்குச் சரியாகத் தெரிவதில்லை.