நான்காவது குரலுக்கு ஆள் தேவை

அமீர்பேட்டில் எதை வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம், ஃபீஸ் கட்டினால். மைத்ரிவனம் பக்கம் நின்று தலையைத் தூக்கினால் வானத்துக்கு முன்னால் கண்ணில் படுவது போர்டுகள்தான். ஜாவா, பைத்தான், டெஸ்டிங், எஸ்.ஏ.பி., ஸ்போக்கன் இங்கிலீஷ். கொரோனாவுக்குப் பிறகு பல வகுப்புகள் லேப்டாப் திரைக்குள் போய்விட்டன என்றாலும் சந்துகளில் ஹாஸ்டல்கள் காலியாகிவிடவில்லை. அறைக்கு மூன்று நான்கு பேராகத் தங்கி, நாலைந்து மாதத்தில் வேலை வாங்கிவிடும் கணக்கோடு படிக்கும் கூட்டம் அது. அதில் நாசரேத்திலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்த தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு.

வாரத்தில் ஆறு நாள் எப்படியோ ஓடிவிடும். ஏழாவது நாள்தான் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் பிரியாணி கிடைக்கும். பேச ஆள் கிடைக்காது. நெல்லைச் சீமையில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த நேரத்தில் ஊர்க் கோயில் மணி காதில் ஒலிக்கும். (அங்கே கிறிஸ்தவர்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள்.) அம்மா போனில் முதலில் கேட்கும் கேள்வி, சாப்பிட்டாயா. இரண்டாவது, கோயிலுக்குப் போனாயா.

போவது இப்போது சிரமமில்லை. 2017 நவம்பரில் ஹைதராபாத் மெட்ரோ ஓடத் தொடங்கியதிலிருந்து, அமீர்பேட்டில் நீல வழித்தடத்தில் ஏறினால் பேகம்பேட், பாரடைஸ், பரேட் கிரவுண்ட் தாண்டி செகந்திராபாத். ஹைதராபாத்தின் இரட்டை நகரமான அது, 1806-ல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரைப் பெற்ற கன்டோன்மென்ட். சென்னை ராணுவத்தின் சிப்பாய்கள், அவர்களுக்குப் பின்னால் வந்த சமையல்காரர்கள், கணக்குப்பிள்ளைகள், ரயில்வே ஊழியர்கள் என்று தமிழர்கள் அங்கே குடியேறினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே செகந்திராபாத்தில் தமிழ் ஆராதனை கேட்டது. இன்றும் ஒரே ஆலயத்தில் காலையில் ஒரு மொழி, அடுத்து ஒரு மொழி என்று தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் மூன்றும் முறை வைத்து ஒலிக்கும் வழக்கம் இந்த இரட்டை நகரங்களில் உண்டு.

ஆராதனைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முடிந்ததும் வெளியே வந்து ரயில் ஏறிவிட்டால் ஒரு மாற்றமும் இல்லை. ஹாஸ்டலில் இருந்த அதே தனிமை, நல்ல சட்டை போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் வெளியே போய் வந்திருக்கிறது, அவ்வளவுதான். கொயரில் சேர்வது வேறு சங்கதி.

கொயர் என்பது நாலு பேர் சேர்ந்து பாடுவதல்ல. நான்கு விதமாகப் பாடுவது. மெட்டு பெண்களின் உச்சக் குரலான சோப்ரானோவிடம் இருக்கும். கீழே ஆல்டோ. ஆண்களில் டெனார், எல்லோருக்கும் அடியில் பாஸ். தமிழ்க் காதுக்கு இது லேசில் பழகாது. நம்முடைய இசையில் மெட்டு ஒன்று. அதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டு போவார்கள். பக்கத்தில் ஒருவர் வேறு ஸ்வரம் பாடிக்கொண்டிருக்க, அவர் பக்கம் சாயாமல் தன் வரியில் நிற்பது தனி சாதனை. முதல் மாதம் எல்லோரும் சோப்ரானோவின் பின்னால் ஓடிவிடுவார்கள். ஆல்டோ பாடும் பெண்களின் நிலை இன்னும் பரிதாபம். ஒரு பாட்டு முழுக்க மூன்று ஸ்வரங்களுக்குள் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக்குப் போய் அதை முணுமுணுத்தால் என்ன பாட்டு என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த மூன்று ஸ்வரங்கள் இல்லாத அன்று பாட்டில் ஓட்டை விழுந்தது போல இருக்கும்.

இருநூறு பேர் உட்காரும் கோச்சிங் ஹாலில் ஒருவன் வராவிட்டால் யாரும் கவனிக்கப் போவதில்லை, ஃபீஸ் கட்டியாகிவிட்டது. இரண்டே டெனார்கள் உள்ள கொயரில் ஒருவன் வராவிட்டால் பாட்டே சொல்லிவிடும். சனிக்கிழமை இரவே போன் வரும்: தம்பி, ஏன் பிராக்டிசுக்கு வரவில்லை, உடம்புக்கு முடியவில்லையா? ஊரைவிட்டு வந்த இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு அந்த போன் சாதாரணமானதல்ல.

இதற்கு சங்கீதம் தெரிந்திருக்க வேண்டுமே என்று பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். சங்கீதம் தெரியாதவர்களுக்காகவே உருவான வழி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் நாரிச் நகரத்து ஆசிரியை சாரா குளோவர், ஐந்து கோடு போட்டுப் புள்ளி வைக்கும் மேல்நாட்டு முறை குழந்தைகளுக்கு எட்டவில்லை என்று கண்டு, ஸ்வரங்களை எழுத்துகளாலேயே எழுதும் முறையை வகுத்தார். அதை எடுத்துச் செப்பனிட்டுப் பரப்பியவர் ஜான் கர்வன் (1816-1880) என்ற போதகர். டோனிக் சோல்ஃபா என்று அதற்குப் பெயர். கையில் காசில்லாத ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் ஆலைத் தொழிலாளர்களும் அதை வைத்துக்கொண்டு நான்கு குரலில் பாடினார்கள். மிஷனரிகள் அதை ஆப்பிரிக்காவுக்கும், காசி மலைக்கும், மிசோரத்துக்கும் கொண்டுபோனார்கள். நமக்கோ இது அந்நியமே அல்ல. சோல்ஃபாவில் 'டோ' எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், நம் ஸட்ஜம் பாடுபவரின் சுருதிக்குத் தக்கபடி நிற்பது போல. சரளி வரிசை படித்த பிள்ளை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும்.

தமிழ்ச் சபைகளிடம் இரண்டு இசையும் உண்டு என்பது வெளியாருக்கு அவ்வளவாகத் தெரியாது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) வழியில் வந்த ராகத்திலும் தாளத்திலும் அமைந்த கீர்த்தனைகள் ஒரு பக்கம். மேல்நாட்டு மெட்டில் நான்கு குரலுக்கு அமைந்த பாமாலைகள் மறுபக்கம். தெலுங்கிலும் அப்படியே. அங்கே கீர்த்தனைக்குப் புருஷோத்தம சௌத்ரி (1803-1890) பெயர் பெற்றவர். கீர்த்தனைக்குக் கொயர் அவசியமில்லை; சபை முழுவதும் ஒரே குரலாகப் பாடும், அதுதான் அதன் அழகு. பாமாலை அப்படியல்ல. நான்கு குரலையும் யாராவது சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

சொல்லிக்கொடுக்கும் அந்த ஆள்தான் குறைந்துகொண்டு வருகிறார். பல ஆலயங்களில் இப்போது கீபோர்டும் டிரம்ஸும் கிதாரும், மைக் பிடித்த மூன்று பேரும்தான். பாட்டின் வரிகள் திரையில் வந்துவிடுகின்றன, ஸ்வரங்கள் வருவதில்லை. கிதார் மேல் யாருக்கும் விரோதம் வேண்டாம், அதுவும் இளைஞர்கள் விரும்பித் தொடுகிற வாத்தியம்தான். ஆனால் மைக் பிடிக்க ஏற்கெனவே நன்றாகப் பாடத் தெரிந்திருக்க வேண்டும். சுமாராகப் பாடுகிறவனை உள்ளே இழுத்து, ஆறு மாதத்தில் தேறியவனாக்கி அனுப்புவது கொயர் மட்டுமே செய்த வேலை. அந்த வாசல் மூடிக்கொண்டிருக்கிறது. சில இடங்களில் கொயரே தன் வாசலை மூடிக்கொண்டது. பெரியப்பா உட்கார்ந்த நாற்காலியில் மகன், அவன் பக்கத்தில் மருமகள் என்று குடும்பச் சொத்தாகிவிட்டால், வெளியூர்ப் பையன் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவான்.

வாசலைத் திறந்து வைத்தவர்கள் கதை வேறு மாதிரி. சிட்னி நிக்கல்சன் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஆர்கன் வாசித்தவர். அதைவிடப் பெரிய பதவி இங்கிலாந்து ஆலய இசையில் அதிகமில்லை. 1927-ல் சர்ச் இசைக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கி, மறு வருடம் அந்தப் பதவியை விட்டுவிட்டு, சின்னச் சின்ன ஊர் ஆலயங்களின் கொயர்களைத் தேடிப் போனார். பல நூற்றாண்டுகளாகப் பையன்கள் மட்டுமே பாடிய இங்கிலாந்தின் கதீட்ரல்களில், 1991-ல் சாலிஸ்பரி பெண் குழந்தைகளுக்கென்று தனி கொயர் அமைத்தது. பாரம்பரியம் போச்சு என்று சிலர் புலம்பினார்கள். மற்ற கதீட்ரல்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன.

இங்கேயும் உதாரணங்கள் இல்லாமலில்லை. சென்னையில் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893-லிருந்து பாடி வருகிறது. பம்பாயில் வானொலி அதிகாரியாக இருந்த விக்டர் பரஞ்சோதி 1956-ல் தொடங்கிய கொயரை, அவர் மறைவுக்குப் பின் நடத்தியவர் கூமி வாடியா என்ற பார்சிப் பெண்மணி. நல்ல சேர்ந்திசைக்கு மத அடையாள அட்டை தேவைப்படவில்லை.

ஷில்லாங் கதைதான் எல்லாவற்றிலும் துணிச்சலானது. நீல் நாங்கின்ரி இங்கிலாந்தில் பியானோ கலைஞராக இருந்தவர். ஊர் திரும்பி 2001-ல் ஷில்லாங் சேம்பர் கொயரைத் தொடங்கினார். பாட வந்த இளசுகள் அவர் வீட்டிலேயே ஒரு குடும்பம் போலத் தங்கினார்கள். காசி மொழிப் பாட்டும், ஆபராவும், இந்தி சினிமாப் பாட்டும் ஒரே மேடையில் ஏறின. 2010-ல் சீனாவின் ஷாவ்ஷிங்கில் நடந்த உலக கொயர் போட்டியில் தங்கம், அதே வருடம் 'இண்டியாஸ் காட் டேலன்ட்' டி.வி. போட்டியில் வெற்றி. அதுவரை கொயர் என்ற சொல்லையே கேட்டிராத வீடுகளுக்கு அந்த நிகழ்ச்சி நான்கு குரல் இசையைக் கொண்டு சேர்த்தது. நீல் 2022 ஜனவரியில் மறைந்தார்.

2020 எல்லாக் கொயர்களையும் ஊமையாக்கிய வருடம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில், மார்ச் மாதம் ஒரே ஒரு மாலைப் பயிற்சிக்கு வந்த 61 பேரில் 53 பேருக்குக் கொரோனா தொற்றியதாகக் கணக்கிடப்பட்டது, இருவர் இறந்தார்கள். சேர்ந்து பாடுவதே ஆபத்து என்றாகிவிட்டது. அப்போது உடைந்த கொயர்கள் சில திரும்பவும் கூடவே இல்லை. டிராக் போட்டால் போதும் என்று சபைகளும் பழகிவிட்டன.

அமீர்பேட் பிள்ளைகளைச் சேர்ப்பதில் கொயர் நடத்துகிறவர்களுக்கு இருக்கும் தயக்கம் நியாயமானதுதான். கோர்ஸ் முடிந்ததும் போய்விடுகிறவனுக்கு எதற்கு மெனக்கெட்டு டெனார் சொல்லித்தருவது? பெண்களென்றால் ஹாஸ்டல் கேட் மூடுவதற்குள் திரும்ப வேண்டும். பயிற்சியை மாலை ஐந்து மணிக்கே வைத்தால்தான் உண்டு. ஆனால் போகிறவன் வெறுங்கையோடு போவதில்லை. ஒரு பாமாலையின் பாஸ் வரி செகந்திராபாத்தில் எப்படியோ அப்படித்தான் பெங்களூரிலும், புனேயிலும், நியூஜெர்ஸியிலும். வேலை கிடைத்துப் போன ஊரில் முதல் ஞாயிறே அவனுக்கு ஒரு நாற்காலி இருக்கும். இன்னோர் ஊர் கொயர் பயிற்சி கொடுத்து அனுப்பியவன் இங்கே வந்து உட்காரவும் கூடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் கிறிஸ்துமஸ்தான். வருடம் முழுக்கப் பாடியவர்கள் டிசம்பர் இருபதாம் தேதி ரயிலேறி ஊருக்குப் போய்விடுவார்கள். கொயரில் பாதி நாற்காலி காலி. கேரல் ஆராதனையை டிசம்பர் இரண்டாம் ஞாயிறே வைத்துவிடுவது இதற்கு ஒரு வழி. அப்படி வைத்தால் அக்டோபரில் பயிற்சி தொடங்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு சோல்ஃபா சொல்லித்தர செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமைகள் வேண்டும். டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் இருந்தால் கூட்டம் தானாக வரும். டெனார் மட்டும், எந்த ஊரிலும் போலவே, தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.